உயிரோடு இருப்பதற்கு ஒரு மனு

மூலக்குளத்தில், வில்லியனூர் ரோட்டோரம், 'சரிதா ஆன்லைன் ஜெராக்ஸ்' என்று ஒரு கடை இருக்கிறது. பெயரை நம்பி ஜெராக்ஸ் எடுக்கப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அந்த மெஷின் வாரத்தில் நாலு நாள் படுத்துவிடும். படுக்காமல் ஓடுவது சரிதாவின் கைதான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, தெருவிளக்கு கேட்க, பட்டாவில் பிழை திருத்த, யாருக்கு எந்த ஆபீசில் எது நடக்க வேண்டுமென்றாலும் சுற்றுவட்டாரத்தில் முதலில் வந்து உட்காருவது அந்தக் கடை பெஞ்சில்தான்.

இந்தத் தொழிலை அவள் தேடிப் போகவில்லை. அப்பா முதலியார்பேட்டைப் பக்கம் மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடியபோது சரிதா பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். தெருவில் தமிழும் இங்கிலீஷும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மில்லிலிருந்து வர வேண்டிய பாக்கியைக் கேட்டு அப்பாவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். "பாப்பா, எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு" என்று அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரே மாதத்தில் தெரு முழுக்க எழுதிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு வேறு வேலைக்குப் போ என்று அவளிடம் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

மனு எழுத அவளிடம் ஒரு முறை உண்டு. வந்தவரை முதலில் பேச விடுவாள். தெருவிளக்கு கேட்டு வந்தவர், தம்பி பாகத்தில் ஏமாற்றியதில் ஆரம்பித்து மருமகள் குழம்பில் உப்புப் போடுகிற அளவு வரைக்கும் வந்து நிற்பார். எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் கேட்டுவிட்டு, "சரி, இப்ப உங்களுக்கு இன்னா வேணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்பாள். அந்த ஒன்றுதான் மனுவில் இருக்கும். 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரியை அவள் எழுதவே மாட்டாள். "ஆவன செய்ங்கன்னு எழுதினா, இன்னா செய்யணும்னு ஆபீசருக்கு யாரு சொல்றது?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதானே.

வருஷத்துக்கு ஒரு தடவை பிரெஞ்சு பென்ஷன்காரர்களும் வருவார்கள். பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்தவர்கள், அவர்களுடைய மனைவிமார்கள். தாங்கள் இன்னும் சாகவில்லை என்று அங்கே இருக்கிற ஆபீசுக்கு வருஷாவருஷம் எழுதி அனுப்ப வேண்டும். அந்தத் தாளுக்கு 'செர்த்திஃபிக்கா த வீ' என்று பெயர், உயிரோடிருக்கும் சான்று. அதிகாரி முன்னால் நேரில் நின்று, முகத்தைக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் உயிரோடு இருப்பதற்கும் படிவம் உண்டு. சரிதா அதைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவாள்.

இப்படி வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற பெண்ணுக்கு வாய்த்த புருஷன் பிரேம்குமார். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன். அவன் தொழிலும் அதுதான். பெத்தாங்க் போட்டிகளுக்கு வர்ணனை சொல்கிறவன். பெத்தாங்க் என்பது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன விளையாட்டு. தரையில் ஒரு சின்ன மரக்குண்டு கிடக்கும். ஆளாளுக்கு இரும்புக் குண்டை எறிந்து அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பாதி நேரம் ஆடுகிறவர்கள் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், டேப் வைத்து அளப்பார்கள், பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும். அந்த ஆட்டத்தைத் தன் ஆன்லைன் பக்கத்தில் லைவாகப் போட்டு, "உருளுது, உருளுது, போவாத போவாதன்னு தரை இழுக்குது, நின்னுடுச்சுப்பா!" என்று பிரேம்குமார் கத்தினால், பாரிசில் இருக்கிற நம்மூர்க்காரர்கள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் முப்பத்தெட்டாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். போட்டி நடத்துகிற கிளப்காரர்கள் அவனைக் கூப்பிட்டதே அதற்காகத்தான்.

மைக் வைக்கப் போலீஸ் அனுமதி கேட்டு மனு எழுத வந்தபோதுதான் அவன் சரிதாவை முதலில் பார்த்தான். முக்கால் மணி நேரம் பேசினான். அவள் நாலு வரி எழுதினாள். அனுமதி கிடைத்துவிட்டது. மறுவாரம் அவன் மறுபடியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "இப்ப இன்னா மனு?" என்று கேட்டதற்கு, "மனு ஒண்ணும் இல்ல, சும்மாதான்" என்றான். நாலு மாதம் இப்படிச் சும்மா வந்தான். அப்புறம் வீட்டோடு வந்து பெண் கேட்டான். அவனுக்கு வயது முப்பத்து நாலு, அவளுக்கு முப்பத்து மூன்று. இரண்டு வீட்டிலும் கேட்ட மாத்திரத்தில் சரியென்று சொல்லிவிட்டார்கள்.

கல்யாணம் வைகாசி முதல் வாரத்தில். நண்பன் கல்யாணத்துக்கு பேனர் வைக்காவிட்டால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குத் தூக்கம் வராது. அதிலும் முப்பது தாண்டியவன் மாட்டினால் வாழ்த்து பேனர் வைக்க மாட்டார்கள், கண்ணீர் அஞ்சலி பேனர்தான் வைப்பார்கள். பிரேம்குமாரின் உயிர்த்தோழன் சிலம்பரசன் பன்னிரண்டு அடியில் வைத்தான். மாலை போட்ட பெரிய போட்டோ. கீழே 'தோற்றம்' என்று பிறந்த தேதி, 'மறைவு' என்று முகூர்த்த தேதி. அதற்கும் கீழே, 'துயரக் கடலில் மிதக்கும் நண்பர்கள்' என்று இருபத்திரண்டு பேர் கூலிங் கிளாஸோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துக்கு வந்தவர்கள் முதலில் பேனர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்க்க உள்ளே போனார்கள்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. சிலம்பரசன் அந்த பேனரை பிரேம்குமாரின் ஆன்லைன் பக்கத்தில் போட்டான். நானூறு பேர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதினார்கள். உற்சாகம் தலைக்கேறிப்போய், இறந்தவர் கணக்கைப் பற்றித் தெரிவிக்க அந்த ஆன்லைன் தளத்தை நடத்துகிற கம்பெனி வைத்திருக்கிற படிவத்தையும் நிரப்பி, பேனர் படத்தையே ஆதாரமாக இணைத்து அனுப்பிவிட்டான். எவனோ ஒருவன் படித்துப் பார்த்துச் சிரிப்பான் என்று நினைத்திருக்கிறான். படித்தது மெஷின். அதற்குச் சிரிக்கத் தெரியவில்லை. போட்டோ இருக்கிறது, மாலை இருக்கிறது, இரண்டு தேதி இருக்கிறது, நானூறு பேர் அழுதிருக்கிறார்கள். கல்யாணமான ஆறாம் நாள் காலையில் பிரேம்குமார் பெயருக்கு மேலே 'நினைவில்' என்று போட்டுக் கணக்கைப் பூட்டிவிட்டது.

பூட்டிய விஷயம் பிரேம்குமாருக்குத் தெரிவதற்கு முன்னால் காலாப்பட்டில் இருக்கிற துர்கா அத்தைக்குத் தெரிந்துவிட்டது. ரோசாப்பூ மாலையோடு பஸ் பிடித்து, தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். சத்தம் கேட்டு லுங்கியை மடித்துக் கட்டியபடி வெளியே வந்தான் பிரேம்குமார். அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அந்த மாலையாலேயே அவனை நாலு சாத்து சாத்தினாள்.

"எடுபட்ட பயலே, போன வாரந்தானடா உனக்கு அட்சதை போட்டேன்! பொட்டப்புள்ள தலையில இடி விழுந்துதேன்னு வழியெல்லாம் அழுதுகினு வரேன்!"

"அத்த, நா இன்னா பண்ணேன்? நா செத்ததே எனக்கு இப்பதான் தெரியும்!"

சரிதா சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த காப்பி பாதி தரையில் கொட்டிப்போயிற்று. அன்றைக்கு எல்லோருக்குமே அது சிரிப்பாகத்தான் இருந்தது.

சிரிப்பு மூன்று நாள்தான் தாங்கியது. புது மின்னஞ்சலில் இருந்து பிரேம்குமார் கம்பெனிக்கு எழுதினான். 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். இறந்தவரின் கணக்கு விவரங்களை வேறு நபர்களிடம் தெரிவிக்க இயலாது' என்று பதில் வந்தது. அவனே அவனுக்கு வேறு நபராகிவிட்டான். புதிதாக ஒரு பக்கம் தொடங்கினான். இறந்தவர் பெயரில் ஆள்மாறாட்டம் என்று அதையும் ஒரே நாளில் மூடினார்கள். பிரெஞ்சு தேசிய நாளையொட்டி நடக்கும் போட்டிக்காக கிளப் செயலாளர் பலராமன் போன் செய்தார். "ஜூலை பதினாலு கப்பு வருது பிரேமு. ஃபைனல் அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம. பாரிசுக்காரங்க உன் பக்கத்துலதான் பாப்பாங்க. அது இல்லன்னா நா வேற ஆளத்தான் வெக்கணும். தப்பா நெனைக்காத."

அன்றிலிருந்து பிரேம்குமார் பேசவில்லை. கோபத்தில் பேசாமல் இருப்பது வேறு. இவனுக்குப் பேச்சே வரவில்லை. கல்யாணமான புதிதில் தோசைக் கல்லில் மாவு விழுவதற்குக்கூட வர்ணனை சொன்னவன். இப்போது எதைக் கேட்டாலும் "ம்". முதல் இரண்டு நாள் சரிதாவுக்கு, உண்மையைச் சொன்னால், நிம்மதியாகத்தான் இருந்தது. நாள் முழுக்க ஊராரின் பேச்சைக் கேட்கிறவளுக்கு வீட்டிலாவது அமைதி கிடைத்ததே என்று இருந்தது. மூன்றாம் நாள் அந்த அமைதி அவளைப் பிடித்துத் தின்னத் தொடங்கியது. இந்த மனுஷனை எதற்காகக் கட்டிக்கொண்டோம் என்று யாராவது கேட்டிருந்தால் அதுவரை அவளுக்கு பதில் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் கட்டிக்கொண்டாள்.

'நான் இவருடைய மனைவி' என்று சரிதாவே கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதினாள். பதினாலு நாள் கழித்து பதில் வந்தது. மனைவி என்ற முறையில் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டுமானால் கணவரின் மரணச் சான்றிதழை இணைக்க வேண்டுமாம். தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை. சரிதா அந்தத் தாளைப் பிரின்ட் எடுத்து, மேசைமேல் வைத்து, அதன் மேல் ஸ்டேப்ளரை 'டொக்' என்று வைத்தாள். பெஞ்சில் காத்திருந்த மூன்று பேர் சத்தமில்லாமல் எழுந்து, நாளைக்கு வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

கடையைப் பாதி சாத்திவிட்டு சட்டத்தைத் தேடி உட்கார்ந்தாள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளும் அதன் பிறகு செய்த திருத்தங்களும் முழுசாக அவளுக்குக் கிடைத்தன. மனு எழுதுகிறவளுக்கு விதி படிப்பது கதை படிக்கிற மாதிரி. இத்தனை பெரிய கம்பெனிகள் ஒருவன் போட்டதைத் தாங்களாகவே எடுப்பதானால், அதற்கு முன்னால் அவனுக்குத் தகவல் சொல்ல வேண்டும், என்ன காரணம் என்று சொல்ல வேண்டும், அவன் மறுத்துப் பேச நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். குறைதீர் அலுவலர் சொன்னது சரியில்லை என்றால் முப்பது நாளைக்குள் அரசாங்கம் அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். டெல்லிக்கு ரயிலேற வேண்டாம், எல்லாம் ஆன்லைனிலேயே. "கம்பெனிக்காரன் நெனச்சா வாயப் பொத்திடலாம்னு இல்ல. கேட்டுட்டுதான் பொத்தணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிரேம்குமாரைக் கடைக்கு வரச் சொன்னாள். பெஞ்சில் உட்கார வைத்தாள். எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்தாள்.

"சொல்லுங்க. இன்னா நடந்தது?"

"இன்னாடி புதுசா கேக்கற? உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க."

அவன் மெல்ல ஆரம்பித்தான். மெஷினைத் திட்டினான். மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டும் என்றான். போன ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்றான். சிலம்பரசனின் காதை அறுத்துத் தர வேண்டும் என்றான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"சரி. இப்ப உங்களுக்கு இன்னா வேணும்? ஒண்ணு."

பிரேம்குமார் எண்ணிக்கொண்டு வந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

"நா பேசணும் சரிதா. அவ்ளோதான்."

அதையே எழுதினாள். ஒரே பக்கம். கணக்கைப் பூட்டும் முன் அவருக்கு அறிவிப்பு வரவில்லை, காரணம் சொல்லவில்லை, மறுத்துப் பேச வாய்ப்புத் தரவில்லை. அவர் இறந்துவிட்டதால் தர முடியவில்லை என்பது கம்பெனியின் பதிலானால், அவர் இறக்கவில்லை என்பதற்குச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. அவர் மீண்டும் பேசும்படி கணக்கைத் திறந்துவிட உத்தரவிட வேண்டும். முதலில் தமிழில் எழுதி, பிறகு இங்கிலீஷில் மாற்றினாள். இரண்டிலும் ஆவன செய்யச் சொல்லவில்லை.

சான்றுக்கு எங்கே போவது? சரிதாவுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. பிரெஞ்சு பென்ஷன்காரர்களின் தாளை அப்படியே முன்மாதிரியாக வைத்து ஒரு சான்றைத் தயாரித்தாள். புருஷனைக் கையோடு இழுத்துக்கொண்டு நோட்டரி வக்கீல் கவிநிலாவின் ஆபீசுக்குப் போனாள். வெளியில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கவிநிலா தாளைப் படித்தார். ஆதார் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"'என் முன் நேரில் வந்தார், உயிரோடு இருக்கிறார்', சரி. அது இன்னாம்மா கடைசியில 'பேசினார்'னு?"

"அது முக்கியம் மேடம். அவர் பேசறதுக்குத்தான் மனுவே."

"அப்ப பேசச் சொல்லு. நா காதால கேக்காதத எழுத மாட்டேன்."

"வணக்கம் மேடம்" என்றான் பிரேம்குமார். அவ்வளவுதான். தொண்டையைச் செருமினான், கையைப் பிசைந்தான். முப்பத்தெட்டாயிரம் பேருக்கு முன்னால் மணிக்கணக்கில் பேசியவன் ஒரு நோட்டரிக்கு முன்னால் வாயடைத்து நின்றான்.  ஒருவேளை இனிமேல் இவனுக்குப் பேச்சு வராமலே போய்விடுமோ என்று சரிதா நிஜமாகவே பயந்துபோனாள். கவிநிலா பொறுமையிழந்து ஸ்டாம்பைக் கையில் எடுத்தார். சரிதா புருஷனின் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"அந்த ஸ்டாம்பப் பாருங்க. அது குண்டு. வர்ணனை சொல்லுங்க."

பிரேம்குமார் ஸ்டாம்பைப் பார்த்தான். அவன் உதடு லேசாக அசைந்தது.

"வக்கீலம்மா... ஸ்டாம்ப எடுத்துட்டாங்க."

"ம்" என்றாள் சரிதா.

"இங்க் பேடுல ஒரு தட்டு. ரெண்டு தட்டு. ஃபேன் காத்து எதிர்ல அடிக்குது, பேப்பர் ஆடுது, ஈசியான ஸ்டாம்ப் இல்ல இது!" குரல் ஏறத் தொடங்கியது. "இடது கையால பேப்பர அமுக்கிட்டாங்க, அனுபவம் பேசுதுப்பா! கை மேல போவுது, இன்னும் மேல போவுது, மூச்ச அடக்கினு நிக்குது ஆபீசு, எறங்குது, எறங்குது, வெச்சாங்கப்பா! கையெழுத்துக்கு ஒரு நூல் தள்ளல! ஒரு நூல்!"

வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து வாசலுக்கே வந்து கை தட்டினார்கள். கவிநிலா சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'பேசினார்' என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். சரிதாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் துடைத்தது சிரிப்பால் வந்த கண்ணீர் மட்டும் இல்லை.

மனு ஆன்லைனில் போனது. இருபத்தெட்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, குழுவின் உத்தரவு வந்தது. கம்பெனி விதிப்படி அறிவிப்புக் கொடுக்கவில்லை, மேல்முறையீடு செய்தவர் உயிரோடு இருப்பது ஆவணத்தால் தெரிகிறது, கணக்கைத் திறந்துவிட வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் பெயருக்கு மேலிருந்த 'நினைவில்' மறைந்தது. சிலம்பரசன் ஐந்து கிலோ மாம்பழத்தோடு வந்து வாசலிலேயே நின்று, காதைக் கொடுக்கத் தயார் என்றான். மாம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவனை மன்னித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபைனல். கடையில் கூட்டம் இருந்ததால் சரிதா மைதானத்துக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரில் லைவைத் திறந்து ஒரு ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்க்க உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் வேலை நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சாதிச் சான்றிதழுக்கு வந்த அம்மாள் ஒருத்தி, குண்டு எந்தப் பக்கம் உருளுகிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டாள். மூன்று மணி நேரம் பிரேம்குமார் மூச்சு விடாமல் பேசினான். ஒன்றரை மாதம் அடைத்து வைத்ததையெல்லாம் ஒரே ஆட்டத்தில் கொட்டித் தீர்த்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவனுக்குக் குரலே இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கண்ணெல்லாம் பிரகாசமாக இருக்கிறது, கை இரண்டும் காற்றில் உருளுகிறது, சத்தம் மட்டும் இல்லை. கடைசி எறியைச் சொல்ல வேண்டும் என்று தவித்தான்.

"பேசாதீங்க, தொண்டை புண்ணாயிடும்" என்று வெந்நீரைக் கையில் கொடுத்து அவனை உட்கார வைத்தாள் சரிதா. அவன் விடவில்லை. தரையைக் காட்டினான், விரலால் அளந்து காட்டினான், நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு" என்றாள். "ரெண்டு டீமும் சமம். காலாப்பட்டு டீம்ல அந்த ஒல்லி ஆளு. கையில கடைசிக் குண்டு."

பிரேம்குமார் டம்ளரைக் கீழே வைத்தான்.

"குனியறான். எழுந்துக்கறான். மறுபடியும் குனியறான். ஏன்டாப்பா சாவடிக்கற, எறிஞ்சி தொலையேன்!" அவளுக்கே தெரியாமல் அவள் குரல் ஏறியது, கை மேலே போனது. "எறிஞ்சிட்டான்! உருளுது, கல்லு மேல ஏறுது, அய்யோ திரும்புது, திரும்புது..."

வாழ்நாளில் ஒரே மூச்சில் அவள் இவ்வளவு பேசியதில்லை. சட்டென்று வெட்கம் வந்து நிறுத்திவிட்டாள். அந்த ஆட்டத்தை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தவன், ஒவ்வொரு குண்டையும் வாயால் உருட்டியவன், முடிவு தெரியாதவனைப் போல முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, காற்றுக் குரலில் கேட்டான்.

"அப்புறம்?"